மலையைக் கவனித்த கிராமம்

(சபைக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை, மலருக்காக எழுதித் தரப்பட்டது)



ஒன்றுகூடல் நாளில் நான் பேசியதை ஆண்டு மலருக்காக எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்கு இது இரண்டாம் முறை. பொறுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையோடு உள்ளேயும் வெளியேயுமாக நடந்துகொண்டிருந்த தாய்மாருக்கு இதுதான் முதல் முறையாக இருக்கும்.

கோடை வந்துவிட்டால் எங்கள் எல்லோருடைய வீட்டிலும் ஒரே கதைதான். கனடாவிலிருந்து பெரியப்பா குடும்பம் வரும். லண்டனிலிருந்து மச்சாள் பிள்ளைகளோடு வருவா. வந்த இரண்டாம் நாளே, “எங்களுக்கு மலையைக் காட்டுங்கோ” என்பார்கள். நாங்களும் சோற்றுப் பொதி கட்டி, ரயில் ஏறி, யுங்ஃபிரௌயொக்கிலோ டிட்லிஸிலோ கொண்டுபோய் இறக்குவோம். படம் எடுப்போம், பனியை அள்ளி எறிவோம், குளிருது என்று சொல்லித் திரும்பி வருவோம். அந்த மலைகளுக்குக் கீழே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களைப் பற்றி நாங்கள் விசாரிப்பது குறைவு. அப்படி ஒரு கிராமத்துக்கு இன்று உங்களைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். அதன் பெயர் பிளாட்டன்.

வழி சொல்கிறேன், கேளுங்கள். பேர்ணிலிருந்து ரயிலில் ஸ்பீட்ஸ் போய், காண்டர்ஸ்டேக் வழியாக மேலே ஏறினால் ஒரு நீண்ட சுரங்கம் வரும். அதன் மறுபக்கம் வெளிச்சத்துக்கு வரும்போது நீங்கள் வலிஸ் மாநிலத்தில் இருப்பீர்கள். அந்த நிலையத்தின் பெயர் கொப்பன்ஸ்டைன். அங்கே மஞ்சள் நிறப் போஸ்ட் பஸ் நிற்கும். அதில் ஏறி ஓர் இடுக்கான வழியைத் தாண்டினால், இரண்டு பக்கமும் மலைச்சுவர் எழும்பிய ஒரு பள்ளத்தாக்கு விரியும். அதுதான் லோட்ஷென்டால். நடுவிலே லொன்சா என்ற ஆறு ஓடுகிறது. ஃபேர்டன், கிப்பெல், வீலர், பிளாட்டன் என்று நான்கு ஊர்கள். கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1540 மீட்டர் உயரத்தில் இருந்தது பிளாட்டன்.

“இருந்தது” என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த இடத்தின் அழகைப் பார்ப்போம்.

பள்ளத்தாக்கின் தெற்குப் பக்கத்தில் பீட்ஷ்ஹோர்ன் என்ற மலை நிற்கிறது. உயரம் 3934 மீட்டர். எங்கள் பீதுருதாலகால மலை 2524 மீட்டர்தான். அதன்மேல் இன்னொரு பாதி மலையைத் தூக்கி வைத்தாற்போல் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 1859ஆம் ஆண்டு லெஸ்லி ஸ்டீபன் என்ற ஆங்கிலேயர் முதன்முதலாக அதன் உச்சியை அடைந்தார். தனியாக அல்ல, வழி காட்டிகளோடுதான் ஏறினார். பள்ளத்தாக்கின் தலைமாட்டில் “நீண்ட பனியாறு” என்று பொருள்படும் லாங் பனியாறு கிடக்கிறது. லொன்சா ஆறு அதன் அடியிலிருந்துதான் பிறக்கிறது. இலையுதிர் காலத்தில் அங்குள்ள லேர்ச் மரங்கள் பொன் நிறமாக மாறும். ஊசி இலை மரங்களில் இலை உதிர்ப்பது அபூர்வம். லேர்ச் அப்படி உதிர்க்கிற மரம். வீடுகளும் களஞ்சியங்களும் மரத்தால் ஆனவை. நூற்றாண்டுக் கணக்கான வெயிலில் அவை கருகிக் கறுத்திருக்கும். தானியக் களஞ்சியத்தின் ஒவ்வொரு காலுக்கும் மேலே தட்டையான ஒரு கல் வைத்திருப்பார்கள். எலி ஏறாமல் இருக்கத்தான். இந்த மலைகளையும் உள்ளடக்கிய யுங்ஃபிரௌ அலெட்ச் பகுதியை யுனெஸ்கோ 2001இல் உலக மரபுரிமையாக அறிவித்தது.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று. மாசி மாதம் தொடங்கிச் சாம்பல் புதனுக்கு முந்தைய நாள்வரை அந்தப் பள்ளத்தாக்கில் “சேக்கெட்டே” வரும். ஆட்டுத்தோல் போர்த்து, இடுப்பில் பெரிய மாட்டுமணி கட்டி, கோரப் பல்லும் சப்பை மூக்கும் செதுக்கிய மரமுகமூடி போட்டு இளைஞர்கள் ஊருக்குள் இறங்குவார்கள். அகப்பட்டவர்களின் முகத்தில் பனியைத் தேய்த்துவிடுவார்கள். அங்குள்ள பிள்ளைகள் பயந்து ஓடுவார்கள், பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று திரும்பி வருவார்கள். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1931இல் அமெரிக்கப் பல் வைத்தியர் வெஸ்டன் பிரைஸ் என்பவர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தார். அவர்கள் சாப்பிட்டது ரை தானிய ரொட்டி, பால், பாற்கட்டி, கொஞ்சம் இறைச்சி. சூத்தைப் பல் மிகக் குறைவாக இருந்தது. அவர் எழுதிய எல்லா முடிவுகளையும் இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. ஆனால் சீனி குறைந்தால் பல் பிழைக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இதைச் சொல்லும்போது யாருடைய கை பையிலிருந்து மெதுவாக வெளியே வந்தது என்பதை அன்று நான் பார்த்தேன். பெயர் எழுதவில்லை.

பல் இப்படி இருந்ததற்கு ஒரு காரணம், அங்கே கடைச் சாமான் வந்து சேர்வது கடினமாக இருந்தது. 1913இல் லோட்ஷ்பேர்க் ரயில் சுரங்கம் திறக்கும்வரை, வெளியுலகத்துக்குப் போகும் வழி பனிச்சரிவுக்கு அஞ்சி நடக்கிற வழியாகவே இருந்தது. அந்தச் சுரங்கத்தைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். 1908 ஜூலை 24ஆம் திகதி, பாறை என்று நினைத்து வெடி வைத்த இடத்தில் பாறை முடிந்து, மேலேயிருந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் நீரும் மணலும் கல்லும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. 25 தொழிலாளர்கள் அங்கேயே புதைந்துபோனார்கள். பிறகு அந்த இடத்தைச் சுற்றி வளைத்துத்தான் சுரங்கத்தை முடித்தார்கள். அடுத்த முறை காண்டர்ஸ்டேக்குக்கும் கொப்பன்ஸ்டைனுக்கும் இடையே ரயில் இருட்டுக்குள் நுழையும்போது, எங்களைப் போல வேறு நாட்டிலிருந்து வேலைக்கு வந்த அந்த மனிதரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

லொன்சா என்ற பெயரை வேறெங்கோ கேட்டிருக்கிறோமே என்று சிலருக்குத் தோன்றும். 1897இல் இந்த ஆற்றின் நீரில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய ஒரு நிறுவனம் ஆற்றின் பெயரையே வைத்துக்கொண்டது. கொரோனாக் காலத்தில் மொடேர்னா தடுப்பூசியின் மூலப்பொருளை விஸ்ப் நகரில் தயாரித்தது அதே லொன்சாதான். நான் எத்தனையோ பேருடைய தோளில் போட்ட ஊசிக்கும் அந்த மலை ஆற்றுக்கும் ஒரு பெயர்.

இனி பிளாட்டனுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஊருக்கு எதிரே, பீட்ஷ்ஹோர்னின் பக்கத்தில், சிறிய நெஸ்ட்ஹோர்ன் என்ற ஒரு சிகரம் இருந்தது. மூவாயிரம் மீட்டருக்கு மேலான உயரம். அந்த உயரத்தில் பாறை வெடிப்புகளுக்குள்ளே ஆண்டு முழுவதும் பனிக்கட்டி இருக்கும். அதுதான் பாறைகளை ஒட்டிவைக்கிற பசை. பூமி சூடாகிக்கொண்டு வர, அந்தப் பசை இளகுகிறது. சிகரத்துக்குக் கீழே பிர்ஹ் என்ற ஒரு சிறிய பனியாறு. சுவிஸில் பனியாறுகள் வேகமாகக் கரைகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் இந்த நாட்டின் பனியாறுகள் தங்கள் கனவளவில் பத்திலொரு பங்கை இழந்தன. ஆனால் பிர்ஹ் பனியாறு மட்டும் அண்மைக் காலத்தில் முன்னோக்கி வந்துகொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தவருக்கு, “மற்றதெல்லாம் மெலியுது, இது நல்லா இருக்கு” என்றுதான் தோன்றியிருக்கும். நல்லாக இருக்கவில்லை. மேலேயிருந்து உதிர்ந்த கற்கள் அதன் முதுகில் குவிந்து, அந்தப் பாரம்தான் அதை முன்னே தள்ளிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு தாதியாக நான் நிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது.

நான் போருக்குள் வளர்ந்து, பதின்ம வயதில் இந்த நாட்டுக்கு வந்து, ஜெர்மன் மொழியில் தாதிக் கல்வி படித்தவள். எங்கள் படிப்பில் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்த ஒரே பாடம் “பார், எழுது, சொல்” என்பதுதான். நாடி எவ்வளவு, மூச்சு எவ்வளவு, நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு. ஓர் எண் தனியாக எதையும் சொல்லாது. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம்தான் பேசும். வேலையில் நான் அடிக்கடி காண்கிற ஒன்றைச் சொல்கிறேன். இதயம் பலவீனப்பட்ட ஒரு பெரியவரின் எடை கூடிக்கொண்டு வரும். வீட்டுக்காரருக்குச் சந்தோசம். “அப்பா இப்ப நல்லாச் சாப்பிடுறார், உடம்பு வைச்சிருக்கு” என்பார்கள். அது உடம்பு அல்ல. இதயத்தால் தள்ள முடியாத நீர் காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் தேங்குகிறது. பிர்ஹ் பனியாறு முன்னே வந்ததைப் பற்றி வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பெரியவர்களின் வீங்கிய கால்கள்தான். வளர்ச்சி போலத் தெரிவது எல்லாம் வளர்ச்சி அல்ல.

பிளாட்டன் ஊர்க்காரருக்கு அது தெரிந்திருந்தது. 1990களிலிருந்தே அந்தப் பனியாற்றின்மேல் ஒரு கண் வைத்திருந்தார்கள். 2025 மே மாத நடுப்பகுதியில் சிகரத்திலிருந்து கல் விழுவது கூடியது. மலை எவ்வளவு அசைகிறது என்று ஒவ்வொரு நாளும் அளந்தார்கள். மே 17ஆம் திகதி ஊரின் ஒரு பகுதியினரை வெளியேறச் சொன்னார்கள். மே 19ஆம் திகதி முழு ஊரையும் வெளியேறச் சொன்னார்கள். ஏறக்குறைய 300 பேர். ஆடு மாடுகளையும் கொண்டுபோனார்கள். காலில் வருத்தப்பட்டு நடக்க முடியாமலிருந்த ஒரு பசுவை ஹெலிகொப்டரில் கட்டித் தூக்கிச் சென்றார்கள். பிள்ளைகளே, வானத்தில் பசு பறந்த கதை பொய்யல்ல, அது பத்திரிகையில் படத்தோடு வந்தது.

பிறகு ஒன்பது நாட்கள். அந்த ஒன்பது நாட்களைத்தான் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். வீடு கண்ணுக்குத் தெரிகிறது. கூரை நன்றாக இருக்கிறது. தோட்டத்தில் விதைத்தது முளைக்கிற காலம். “இன்னும் ஒண்டும் நடக்கேல்லையே, ஒருக்காப் போட்டு வருவமே” என்று எந்த மனிதருக்குத்தான் தோன்றாது? பாதை மூடியே இருந்தது.

மே 28, புதன்கிழமை, பிற்பகல் மூன்றரை மணியளவில் பனியாறு முழுவதுமாக உடைந்து இறங்கியது. மறுநாள் ஆண்டவர் பரமேறிய திருநாள், நாடெங்கும் விடுமுறை. பனியும் பாறையுமாகச் சுமார் 90 இலட்சம் கன மீட்டர். பள்ளத்தாக்கின் அடியில் விழுந்து, வந்த வேகத்தில் எதிர்ப்பக்கச் சரிவிலும் ஏறியது. ஊரின் பத்தில் ஒன்பது பங்கு புதைந்தது. லொன்சா ஆறு அடைபட்டு ஏரியாகி, எஞ்சியிருந்த வீடுகளில் பலவற்றையும் நீரில் மூழ்கடித்தது. நூற்றாண்டுகளாக நின்ற ஊர் ஒரு நிமிடத்துக்குள் போனது.

ஊரில் அன்று ஆட்கள் இருந்திருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறந்தவர் ஒருவர். 64 வயதானவர். அவர் நின்ற இடம் வெளியேற்றச் சொன்ன எல்லைக்குள் அடங்கியிருக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அளவெடுப்பவர்கள் தெய்வங்கள் அல்ல. எவ்வளவு நன்றாகக் கவனித்தாலும் மலை ஒரு பங்கைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. வைத்தியசாலையிலும் அப்படித்தான். எல்லாம் சரியாகச் செய்தும் ஒருவரை இழக்கிற நாள் எங்களுக்கும் உண்டு. அதற்காகக் கவனிப்பதை விட்டுவிடுவதில்லை.

கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே வலிஸ் மாநிலத்தில் சாட்சி இருக்கிறது. 1965 ஓகஸ்ட் 30. சாஸ் பள்ளத்தாக்கில் மாட்மார்க் என்ற இடத்தில் அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. தொழிலாளரின் குடில்கள் அலலின் பனியாற்றின் நாக்குக்கு நேர் கீழே கட்டப்பட்டிருந்தன. அன்று மாலை பனியாற்றின் முனை உடைந்து விழுந்தது. 88 பேர் இறந்தார்கள். அவர்களில் 56 பேர் இத்தாலியர்கள். அங்கே யாரும் யாரையும் “வெளியே போங்கள்” என்று சொல்லவில்லை. மாட்மார்க்குக்கும் பிளாட்டனுக்கும் இடையே 60 ஆண்டுகள். பனியின் குணம் மாறவில்லை. இடையில் மனிதர்கள் பார்க்கவும் எழுதவும் சொல்லவும் பழகிக்கொண்டார்கள். சொன்னதைக் கேட்கவும் பழகிக்கொண்டார்கள். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினமானது.

வீட்டை விட்டுப் போகச் சொன்னால் என்ன எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி இந்தச் சபையில் பலருக்குப் புதிதல்ல. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்திலிருந்து நடந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். நானும் நடந்தேன். அம்மா அரிசியையும் பத்திரங்களையும் எடுத்தா. கிணற்றடிக் கயிறு வரை நினைவிருக்கிறது, ஆனால் ஒரு படமும் எடுக்கவில்லை. எங்களை விரட்டியது போர். பிளாட்டன் சனங்களை எழுப்பியது அவர்களுடைய நன்மையை நினைத்தவர்களின் சொல். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும், பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கையை வைத்துவிட்டு, கையில் ஒரு பையோடு அயலூரில் போய் நிற்பது என்றால் என்னவென்று இந்த நாட்டில் எங்களுக்குத் தெரிகிற அளவு வேறு எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால்தான் இது எங்களுடைய கதையும் என்று நினைத்தேன்.

அந்தக் கிராமத் தலைவர் மத்தியாஸ் பெல்வால்ட், ஊரைத்தான் இழந்தோம், மனதை இழக்கவில்லை என்ற பொருள்பட அன்றே பேசினார். அதே பள்ளத்தாக்கில் திரும்பவும் ஊரைக் கட்டுவது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அதைச் செய்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஏனென்றால் அவர்கள் மே 19ஆம் திகதி எழும்பிப் போனார்கள்.

இனி, எங்கள் கோடைப் பயணத்துக்கு வருவோம். நான் சொல்பவற்றைக் கிழித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்க விரும்பினால் மலரின் இந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டிப் பலகைகளை வாசியுங்கள். மஞ்சள் பலகை மட்டும் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை சிவப்பு வெள்ளை என்றால் மலைப்பாதை, அதற்கு உறுதியான சப்பாத்து வேண்டும். வெள்ளை நீலம் வெள்ளை என்றால் அது எங்களுக்கான பாதை அல்ல, திரும்பி வாருங்கள். பலகையில் எழுதியிருக்கும் நேரம் நிற்காமல் நடப்பவருக்கு. சோறு சாப்பிட்டு, பெரியம்மா மூச்சு வாங்கி, சின்னவன் கல் பொறுக்கி நடப்பதற்கு அந்த நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். பாதை மூடியிருக்கிறது என்று நாடா கட்டியிருந்தால், நாடாவுக்கு அப்பால் யாரோ நடந்து போவது தெரிந்தாலும் நீங்கள் போகாதீர்கள்.

யுங்ஃபிரௌயொக் நிலையம் 3454 மீட்டரில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ரயிலில் இருந்துகொண்டே ஏறுவதால் உடம்புக்குப் பழக நேரம் இல்லை. இதய வருத்தமோ நெஞ்சு வருத்தமோ உள்ள பெற்றோரையும் மாமா மாமியையும் கூட்டிப்போகுமுன் அவர்களுடைய வைத்தியரிடம் கேளுங்கள். மேலே தலையிடி, ஓங்காளம், தலைச்சுற்று வந்தால் தேத்தண்ணி குடித்துச் சமாளிக்க வேண்டாம். அடுத்த ரயிலில் கீழே இறக்குங்கள். இறங்குவதுதான் மருந்து. டிக்கெட் விலையை அப்போது நினைக்காதீர்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இன்சுலினை முதுகுப் பையின் வெளிப்பக்கத்தில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் பிறகு இளகினாலும் வேலை செய்யாது. சட்டைக்கு உள்ளே, உடம்புச் சூட்டில் வையுங்கள். பைக்குள் அல்ல, கைக்கு எட்டும் பொக்கற்றில் குளுக்கோஸ் வில்லையோ சீனிக்கட்டியோ இருக்கட்டும். பனியில் வெயில் இரண்டு பக்கத்திலிருந்தும் அடிக்கும், மேலேயிருந்தும் கீழேயிருந்தும். கறுத்த தோலுக்குக் களிம்பு தேவையில்லை என்பது பிழையான கதை. பிள்ளைகளின் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும்.

அவசரத்துக்கு 144. மலை மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414. ஆனால் வலிஸ் மாநிலத்துக்குள் நின்றால் 144ஐயே அழையுங்கள், அங்கே மலை மீட்பும் அந்த எண்ணிலேயே நடக்கிறது. பிள்ளைகளே, இந்த எண்களை நீங்கள்தான் பாடமாக்க வேண்டும். வீட்டில் ஜெர்மன் நன்றாகப் பேசுவது நீங்கள்தானே? எங்கே நிற்கிறோம், யாருக்கு என்ன நடந்தது, எத்தனை பேர் என்ற மூன்றையும் சொல்லிப் பழகுங்கள்.

கடைசியாக வீட்டுக்குள்ளே இருக்கிற மலையைப் பற்றி. எங்களுடைய பெரியவர்களுக்கு ஒரு சொல் இருக்கிறது: “ஒண்டுமில்லை.” கால் வீங்கினால் ஒண்டுமில்லை. படியேற மூச்சு வாங்கினால் ஒண்டுமில்லை. இரவில் தலையணை இரண்டு மூன்று அடுக்காமல் படுக்க முடியவில்லையென்றால் அதுவும் ஒண்டுமில்லை. இவர்கள் பொய் சொல்கிறவர்கள் அல்ல. பிள்ளைகளின் வேலை கெடக் கூடாது என்று நினைக்கிறவர்கள். அதனால் கேட்பது மட்டும் போதாது, பார்க்க வேண்டும்.

இதய பலவீனம் என்று வைத்தியர் சொன்ன ஒருவர் வீட்டில் இருந்தால், காலையில் எழுந்து கழிவறைக்குப் போய்வந்ததும் சாப்பிடுமுன் எடை பார்த்து எழுதி வையுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால், அவர் ஒண்டுமில்லை என்று சொன்னாலும் வைத்தியருக்கு அறிவியுங்கள். சீனி வருத்தம் பல வருடமாக உள்ளவர்களுக்கு நெஞ்சு நோகாமலே மாரடைப்பு வரலாம். திடீரென்று களைப்பு, வியர்வை, ஓங்காளம் என்றால் வாய்வு என்று நினைத்து இஞ்சி இடித்துக்கொண்டிருக்க வேண்டாம். 144.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோ மருமகனோ “வாங்கோ, வைத்தியசாலைக்குப் போவம்” என்று சொன்னால், அன்று எழும்பிப் போங்கள். ஒன்பது நாள் ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். வீண் அலைச்சல் என்று உங்களுக்குத் தோன்றலாம். பிளாட்டனில் அந்த ஒன்பது நாளும் ஒருவருக்கும் வீணாகப் போகவில்லை.

வாய்ப்புக் கிடைத்தால் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய் வாருங்கள். போகுமுன் எந்தப் பாதைகள் திறந்திருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீலரிலிருந்து லௌகெர்னால்ப்புக்குக் கேபிள் வண்டி ஏறுகிறது. மேலே நின்றால் நேரெதிரே பீட்ஷ்ஹோர்ன் தெரியும். அதன் பக்கத்தில், மலையின் மார்பில் பெரிய காயம் போல, பனியாறு இருந்த இடமும் தெரியும். அங்கே நின்று சிரித்துப் படம் எடுக்காமல், கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். கீழே இறங்கிக் கிராமத்துக் கடையில் ரை ரொட்டியும் பாற்கட்டியும் வாங்குங்கள். பொதி கட்டிக்கொண்டு போகிற எங்களுக்கு அங்கே பணம் செலவழிக்கும் பழக்கம் இல்லை. இந்த முறை செலவழியுங்கள். அவர்கள் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மலரை மூடி வைத்ததும் வீட்டில் உள்ள பெரியவரின் கணுக்காலை ஒரு தரம் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால், நாளைக் காலையே வைத்தியருக்குத் தொலைபேசி எடுங்கள்.